நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ‘ஹோம்’

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காருக்குள் கேட்ட அந்தப் பெண் குரலுக்கு மகேந்திரன் வியாழக்கிழமை வரை பதில் சொல்லவில்லை. சத்தியபிரியாவும் விடவில்லை. விடுகிற ஆள் இல்லை அவள்.

நடந்தது இவ்வளவுதான். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியும், அவன் டாக்ஸியாக ஓட்டுகிற இன்னோவாவில் கொடைக்கானல் மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் திண்டுக்கல்லில் மாட்டிய புது செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டால் வேலை செய்கிற திரை, டி.வி.டி., ரிவர்ஸ் கேமரா, வழி சொல்கிற மேப் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இப்போதெல்லாம் சென்னைக்காரர்களும் கேரளாக்காரர்களும் “ஸ்கிரீன் இருக்கா டிரைவர்?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் கால் வைக்கிறார்கள்.

அந்த செட்டில் ப்ளூடூத் என்று ஒன்று உண்டு. சட்டைப் பையில் இருக்கிற செல்போனுக்கு யாராவது கூப்பிட்டால் பாட்டு தானாக நிற்கும், கூப்பிட்டவர் குரல் வண்டி முழுக்கக் கேட்கும். கொண்டை ஊசி வளைவில் மணி அடித்தது. திரையில் பேர் இல்லை, வெறும் எண். மகேந்திரன் பழக்கத்தில் பச்சையைத் தொட்டுவிட்டான்.

“எங்க வந்துட்டு இருக்கீங்க? பாப்பா நேத்துலருந்து உங்களையே கேட்டுக்கிட்டு கெடக்கா. வர்றப்ப அந்த மருந்த மறந்துறா…”

அதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டான். பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

“ராங் நம்பர்” என்றான்.

ராங் நம்பரில் பேசுகிறவள் மருந்து வாங்கி வரச் சொல்லுவாளா? கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் தொட்டில் கட்டாத வீட்டில், ‘பாப்பா’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியாதா? சத்தியபிரியா கல்யாண வீட்டில் சிரித்த முகமாகப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் அந்த எண் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. அந்தக் குரலோ எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. தெரியாத குரலாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. ஸ்டாண்டு டிரைவர்களின் பெண்டாட்டிகள், போட் கிளப் கவுண்டரில் இருப்பவள், தான் வேலை பார்க்கும் ஹோம்மேட் சாக்லேட் கடையின் பெண்கள் என்று ஒவ்வொருத்தி வாயிலும் அந்த வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தாள். யாருக்கும் பொருந்தவில்லை.

சத்தியபிரியா எதையும் லேசில் மறக்கிறவள் இல்லை. அவள் அப்பா வேலுமணி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது போர்த்திக்கொண்டு வந்த கறுப்புக் கம்பளி ஒன்று அவரிடம் இருந்தது. மூலையில் கிழிந்ததை இவள்தான் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். அவர் இறந்த அன்று, மேலே போர்த்தத் தேடினால் கம்பளியைக் காணோம். நாலு நாள் முன்னால் அவரைப் பழனிக்குக் கூட்டிப்போய் வந்த சிநேகிதர் சோலைமலை, “வர்ற வழியில பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டான் புள்ள” என்றார். அந்தச் சோலைமலையின் மகனுக்கே அடுத்த வருஷம் வாழ்க்கைப்பட்டாள். உயிராக வைத்திருந்த கம்பளியை ஒரு மனுஷர் பஸ்ஸில் விடுவாரா என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்பா சாவுக்குக் காரணம் யார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கூடப் பிறந்த அக்கா தேவகுமாரி. பேசி முடித்த கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காரட் லாரி ஓட்டுகிற செல்வமுருகனோடு போய்விட்டாள். கம்பம் பக்கம் இருப்பதாகக் காற்றுவாக்கில் ஒரு சேதி. அப்பா படுத்தார், ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். “அவ பேர யாராச்சும் எடுத்தீங்கன்னா அன்னைக்கே நான் வெளிய போயிருவேன்” என்று சத்தியபிரியா புகுந்த வீட்டில் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

இப்போது அந்த வீட்டையே விட்டு வெளியே போக வேண்டி வருமோ என்பதுதான் அவள் பயம்.

அந்த செட்டோடு கொடுத்த ஆங்கிலப் புத்தகம் டேஷ்போர்டில் பிரிக்காமல் கிடந்தது. ஐம்பத்தாறு பக்கம். மகேந்திரன் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். டிரைவர்கள் எல்லாருமே அப்படித்தான், கையால் தட்டித் தட்டியே கற்றுக்கொள்வார்கள். சத்தியபிரியா கான்வென்ட்டில் பன்னிரண்டாவது முடித்தவள். புத்தகத்தைச் சாக்லேட் கடைக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு வரி விடாமல் படித்தாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்தது கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே உட்கார்ந்து திரையைத் தட்டினாள். வந்த அழைப்புகளின் பட்டியல் காலி. போய் வந்த இடங்களின் பட்டியல் காலி. தினமும் நாலு பார்ட்டியை ஏற்றி இறக்குகிற வண்டியில், எல்லாரும் பார்க்கப் போகிற தூண் பாறைகூடப் பட்டியலில் இல்லையென்றால் என்ன அர்த்தம்? துடைத்து வைத்திருக்கிறான்.

ஆனால் முழுதாகத் துடைக்கத் தெரியவில்லை. போன இடங்களை அழித்தாலும் ‘ஹோம்’ என்று குறித்து வைத்த இடம் அழியாது, அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் பக்கம், கடைசிப் பத்தி. அவள் வீடு போட்ட படத்தைத் தொட்டாள்.

தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்று காட்டியது.

வண்டி நின்றதோ நாயுடுபுரத்தில், அவர்கள் வீட்டு வாசலில்.

*

வியாழக்கிழமை மகேந்திரன் வெள்ளனே கிளம்பிப் போய்விட்டான். ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு டிரைவர் படுத்துவிட்டால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் தங்கள் வண்டியை நிறுத்திவிட்டு அவன் வண்டியை ஓட்டிக் கொடுப்பார்கள். திருமலைச்சாமிக்கு மஞ்சள் காமாலை. இன்றைக்கு மகேந்திரன் முறை. அதனால் இன்னோவா வாசலிலேயே நின்றது.

மாமியார் சுப்பம்மா மகள் பிரசவத்துக்காக அய்யம்பாளையத்தில் இருக்கிறாள். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். சோலைமலை எஸ்டேட் லாரி ஓட்டி ரிடையர் ஆனவர். அறுபத்துநாலு வயதிலும் ஸ்டியரிங் பிடித்தால் கை நடுங்காது.

“மாமா, பூம்பாறை கோயிலுக்கு ஒரு நேர்ச்சை கெடக்கு. கடைக்கு லீவு சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போறீங்களா?”

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பஸ்ஸுல போனா என்ன புள்ள? அந்தப் புது வண்டி நமக்கு ஏலாது. டி.வி. பொட்டி எல்லாம் மாட்டி வெச்சிருக்கான்.”

“பொட்டிய நான் பாத்துக்கிறேன். நீங்க ஓட்டுங்க போதும்.”

“அந்தப் பொட்டி மாட்டுன நாளுலருந்து நான் அந்த வண்டில ஏறுனதே இல்ல தெரியுமா?”

“அதான் இன்னைக்கு ஏறுங்கன்றேன்.”

மருமகள் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

சாவியைத் திருப்பினார். திரை வெளிச்சமானது. டிங் என்று ஒரு சத்தம். ‘சோலை’ என்று ஆங்கிலத்தில் ஒரு பேர் வந்தது, அதற்குக் கீழே ‘கனெக்டெட்’ என்று வந்தது, இரண்டும் மறைந்தன.

சத்தியபிரியா சீட் பெல்ட்டை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள். முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது. ஒரு புதுப் போனை அந்த செட் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் முதல் தடவை நாலு எண் போட்டு அறிமுகம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் போன் வண்டிக்குள் வந்தால் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். இருபத்திரண்டாம் பக்கம்.

ஏறினதே இல்லை என்று சொன்ன மனுஷரின் போனை வண்டி பேர் சொல்லி வரவேற்றது.

ஆக, அப்பனும் மகனும் கூட்டு.

இந்த மாமாவை அவள் அப்பாவுக்குச் சமமாக வைத்திருந்தாள். மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் வலி என்றால் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பவள் அவள்தான். அந்த மனுஷர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறார். புருஷன் பொய் சொன்னதைவிட இது அவளுக்கு அதிகம் வலித்தது.

அப்சர்வேட்டரி ஏற்றம் தாண்டியதும் கையை நீட்டி, வீடு போட்ட படத்தைத் தொட்டாள். ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரியின் குரல், நேராகப் போகச் சொன்னது.

“இவ எதுக்கு இப்ப பேசுறா?” என்றார் சோலைமலை.

“வழி சொல்றாங்க மாமா.”

“பூம்பாறைக்கு எனக்கு வழி தெரியாதா?”

“பூம்பாறைக்கு இல்ல. இந்த வண்டிக்கு ஒரு வீடு இருக்காம். அங்க போகுறதுக்கு.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை அது, சமமான ரோடு.

“மிஷினு தப்பா காட்டும் புள்ள. மலைல அதுக்கு என்ன தெரியும்?”

“தப்பா காட்டுனா திரும்பி வந்துருவோம். எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல.”

பைன் காடு வந்தது, போனது. இரண்டு இடத்தில் மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனார். திரையில் மட்டும் வானம் தெளிவாக இருந்தது.

பூம்பாறையில் படிப்படியாகப் பூண்டு வயல் தெரிந்ததும் டவர் கிடைத்தது. மணி அடித்தது. வண்டி முழுக்க அடித்தது. திரையில் மகேந்திரன் பேர்.

சோலைமலை ஒரு கையால் சட்டைப் பையைத் தடவினார். “இது எங்க அடிக்குது? எப்புடி இத நிறுத்துறது?”

“நான் எடுக்குறேன் மாமா. நீங்க ரோட்டப் பாருங்க.”

பச்சையைத் தொட்டுவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எஸ்டேட் துரைகூடப் பேசாமல் இருந்திருப்பான்.

“அப்பா, எங்க இருக்கீங்க? வீட்டு போன யாரும் எடுக்கல.” மகேந்திரனின் குரல் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. “வெள்ளனே சொல்ல மறந்துட்டேன். இந்த வாரம் நீங்க மேல போக வேணாம். சத்யா எதையோ மோப்பம் புடிச்சிட்டா. கடையில உக்காந்து அந்தப் புக்கப் படிச்சிட்டு கெடக்கான்னு சொல்றாங்க.”

சோலைமலை குல்லாவை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்பா, கேக்குதா? மருந்தும் பாப்பா சாமானும் பின் சீட்டுக்கு அடியில இருக்கு. நாளைக்கு நானே கொண்டு போய்க் குடுத்துக்கிறேன். அவகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாதீங்கப்பா. அவ தாங்க மாட்டா.”

சத்தியபிரியா சிவப்பைத் தொட்டாள். வண்டிக்குள் டயர் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

“வண்டிய நிறுத்துங்க மாமா.”

நிறுத்தினார். இறங்கிப் பின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஒரு துணிப்பை. மாத்திரை அட்டைகள், தைல பாட்டில், முதுகுக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்று. அடியில் ஒரு டிராயிங் நோட்டும் இருபத்துநாலு கலர் பென்சில் டப்பாவும் இருந்தன. விலை ஒட்டிய சீட்டைக் கவனமாகக் கிழித்து எடுத்திருந்தான்.

மருந்தை அவள் தாங்கிக்கொண்டாள். கலர் பென்சிலைத் தாங்க முடியவில்லை. அங்கேயே, பூண்டு மூட்டை ஏற்றுகிற லாரிக்காரர்கள் பார்க்க, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து வருஷத்தில் இந்த மனுஷன் அவளிடம் ஒரு நாள்கூடப் பிள்ளை இல்லையென்று குறைசொன்னது கிடையாது. அதை அன்பு என்று நினைத்திருந்தாள். வேறு இடத்தில் பிள்ளை இருந்ததால்தான் குறை சொல்லவில்லையோ?

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“கெளம்புங்க.”

“புள்ள, நான் சொல்றத கொஞ்சம் கேளு…”

“இவ்வளவு நாள் சொல்லாதத இப்பவும் சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன். வெரசா ஓட்டுங்க.”

கோயில் கோபுரம் பக்கவாட்டில் வந்து, பின்னால் போனது. இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வண்டி நிற்கவில்லை.

*

மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் புல்வெளி தாண்டியதும் ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளைக்காரி வாயை மூடிக்கொண்டாள். திரையில் ரோடு முடிந்துவிட்டது. அந்த மேப்பைப் போட்டவர்கள் அதற்குமேல் வந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. வெறும் பச்சைத் தாளில் வண்டியின் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. தூரத்தில் ஒரு கொடி. அம்புக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு, பாதை என்று ஒன்றும் இல்லை.

கீழே நிஜத்தில் ரோடு இருந்தது. குண்டும் குழியுமாக, இரண்டு பக்கமும் காரட், உருளைக்கிழங்கு வயல். ஒரு திருப்பத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. பெயர்ப்பலகை கிடையாது.

சோலைமலை வேகத்தைக் குறைக்கவில்லை. இடது இண்டிகேட்டரைப் போட்டு, இடது பக்கம் திருப்பினார். திருப்பியவுடன் வலப்பக்கமாக ஒதுங்கி ஒரு பெரிய பள்ளத்தை விட்டு விலகினார். பள்ளம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. முன்னாலேயே தெரிந்தவருக்குத்தான் அது இருப்பது தெரியும்.

“எத்தனை தடவ மாமா?” என்றாள் சத்தியபிரியா.

“என்ன எத்தனை தடவ?”

“இந்த ரோட்டுல எத்தனை தடவ வந்திருக்கீங்க?”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இந்த வண்டில ஆறு தடவ.”

‘இந்த வண்டியில்’ என்று ஏன் சொன்னார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

“என் வாழ்க்கைய நாசம் பண்ணுறதுக்கு நீங்களும் வண்டி ஓட்டுனீங்களா?”

“பெரிய வார்த்தை சொல்லாத புள்ள. நான் சொன்னா நீ நம்பப் போறதில்ல. இன்னும் மூணு கிலோமீட்டர்தான். கண்ணால பாத்துட்டு பொறகு பேசு. அடிக்கணும்னு தோணுனா என்னைய அடி. அவனைய ஒண்ணும் சொல்லாத.”

கிளாவரை வந்தது. ஊர் என்று சொன்னால் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளுமாக ஒரு சரிவு. அம்புக்குறி கொடியைத் தொட்டது. வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வெள்ளைக்காரி நினைவு வந்தவள் போல் சொன்னாள்.

தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் முன்னால் வண்டி நின்றதும் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடி வந்தது. இரட்டைச் சடை, கையில் கடித்த காரட். சோலைமலை உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, “தாத்தா, சித்தப்பா வரலையா?” என்றது.

சித்தப்பா என்ற சொல் சத்தியபிரியாவின் காதில் விழுந்தது. அப்பா என்று கூப்பிடவில்லை. சித்தப்பா என்றால் யாருக்கு யார் என்று அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஸ்வேதா, வண்டிகிட்ட போகாதன்னு எத்தனை தடவ சொல்றது? சேறு கெடக்கு பாரு.”

ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் நடுவில் இல்லாமல் வந்த குரல். அதே குரல்தான். பதினெட்டு வயது வரை ஒரே பாயில் படுத்துத் தூங்கவைத்த குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

சத்தியபிரியா துணிப்பையோடு கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கால் சேற்றில் புதைந்தது. கவனிக்கவில்லை.

தேவகுமாரி நிலைப்படியில் வந்து நின்றாள். முப்பத்தாறு வயதுக்கு நரை அதிகம். கையில் பாதி நறுக்கிய முட்டைக்கோஸ். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தியும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் அவ்வளவு சீக்கிரம் நகர்ந்து வழி விடாது.

“வா” என்றாள் தேவகுமாரி. பிறகு, “ஞாயித்துக்கெழம நான் பேசுனப்ப வண்டில நீயும் இருந்தியாமே. மறுநாள் மாப்பிள்ளை மருந்துகூட எடுக்காம ஓடியாந்து சொன்னாரு. குரலக் கேட்டிருப்பா, எப்புடியும் வந்துருவான்னு நாலு நாளா வாசலையே பாத்துட்டு கெடந்தேன்.”

நாலு நாளாகச் சத்தியபிரியா ஊரில் உள்ள அத்தனை பெண்களின் வாயிலும் அந்தக் குரலை வைத்துப் பார்த்தாளே, ஒருத்தியின் வாயில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லையே.

“கேட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றாள். சேற்றுக் காலோடு உள்ளே நடந்தாள்.

உள்ளே கட்டிலில் செல்வமுருகன் படுத்திருந்தான். ஆறு மாதத்துக்கு முன் லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மகேந்திரன் தற்செயலாகப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து மருந்தும் சாமானும் இந்த மலை ஏறி வருகின்றன. பக்கத்துக் கடையில் காசு போட்டுப் பேசுகிற, மணி அடித்தால் எடுக்க ஆளில்லாத போனிலிருந்துதான் தேவகுமாரி கூப்பிட்டாள். இவ்வளவையும் அவள் நின்றபடியே சொன்னாள். எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

“அவருகிட்ட சண்ட போடாத” என்றாள் கடைசியாக. “சத்யாகிட்ட சொல்லுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். உங்க பேரச் சொன்னா வீட்ட விட்டுப் போயிருவா, அவ இல்லாம என்னால ஏலாதுன்னு சொல்லிட்டாரு.”

புருஷன் துடைத்து வைத்த பட்டியல்கள் சத்தியபிரியாவுக்கு ஞாபகம் வந்தன. அவளுக்குப் பயந்து துடைத்திருக்கிறான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டு ஓடி வந்தவளைக் கண்டுதான் வீடே பயந்து கிடந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்வேதா அவள் முந்தானையை இழுத்தது. “நீங்க சித்தியா? வண்டில ஹோம் போட்டது நான்தான். மேகம் எறங்குனா சித்தப்பாவுக்கு வழி தெரியாதுல்ல. அதான் ஒரு நாளு உள்ள உக்காந்து அமுக்கி வெச்சேன். அவருக்கே தெரியாது.”

சத்தியபிரியா துணிப்பையிலிருந்து கலர் பென்சில் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை அங்கேயே உட்கார்ந்து பிரித்தது. சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் முகத்தைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தாள்.

செல்வமுருகனின் கால் மேல் ஒரு கறுப்புக் கம்பளி கிடந்தது. பழசு. மூலையில் சிவப்பு நூல் ஒட்டு. கோணல் மாணலாக, பதினேழு வயதுப் பெண் அவசரமாகத் தைத்த தையல்.

“அக்கா.” பதினோரு வருஷம் கழித்து அந்தச் சொல் தானாக வந்தது. “இது எப்புடி இங்க?”

தேவகுமாரியின் கண் தங்கையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த சோலைமலையிடம் போய் நின்றது.

சத்தியபிரியா கம்பளியின் ஒட்டுப் போட்ட மூலையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். முன் கதவைத் திறந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பழனி பஸ்ஸுல விட்டுட்டு வந்த கம்பளி உள்ள கெடக்கு மாமா.”

சோலைமலை சாவியைத் திருப்பினார். திரை அணைந்தது. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்கப்பன் பழனிக்குப் போகல புள்ள. எஸ்டேட் லாரில நான்தான் இங்க கூட்டியாந்தேன். மூத்தவளப் பாக்காம சாக மாட்டேன்னு என் காலப் புடிச்சான். வந்து, ஒரு ராத்திரி தங்கி, அவளுக்கு அதப் போர்த்திவிட்டுட்டுத்தான் வந்தான்.”

சத்தியபிரியா கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பதினோரு வருஷமாக யாருக்காகக் கோபப்பட்டாளோ அவர் கோபப்படவே இல்லை.

“ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். திரும்பி வர்ற வழில, மன்னவனூர் தாண்டுறப்ப, ஒரு சேதி சொன்னான். என்னைக்கு அவளா இந்த வாசலுக்கு வந்து நிக்குறாளோ, அன்னைக்குத்தான் அந்தச் சேதியச் சொல்லணும்னான்.”

“யாருக்கு மாமா சேதி?”

அவர் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்குத்தான் புள்ள.”